வால் கணக்கு

என் அண்ணன் வீரையன் எலி பிடிக்கிறான்,
சாலியமங்கலத்துக்குக் கிழக்கே,
சம்பா பால் பிடிக்கிற நாட்களில்,
மூங்கில் கிட்டி வைத்து.
விடிந்ததும் வாலை அறுத்து எண்ணிக் கொடுத்தால் கூலி.
உடம்பைக் கேட்பவர்கள் வேறு ஆட்கள்.

நானும் வால் அறுக்கிறேன்,
தஞ்சாவூரில், வல்லம் சாலையில், ஏசி அறையில்.
பிறந்த இருபத்தோராம் நாள்,
நெல்மணியில் பாதி இருக்கும் நுனி.
குழாயில் போட்டு எண் எழுதி வைப்பேன்.
நாலாம் நாள் டாக்டர் நிலோஃபர்
தாளைப் பார்த்துச் சொல்வார்:
இது ஆகும். இதுவும். இது ஆகாது.

எல்லோரும் வெள்ளை எலியா என்று கேட்கிறார்கள்.
கறுப்பு. சுண்டெலி.
வீரையன் கைபேசியில் படம் பார்த்துவிட்டு
"எங்க பெருச்சாளி தும்முனா பறந்துடும்" என்றான்.

ஆகும் என்றால்,
வயிற்றுக்குள் ஒரு மதகோடு பிறந்திருக்கிறது என்று அர்த்தம்.
பலகை இறங்கியே இருக்கும்.
தின்னும், தூங்கும், குட்டி போடும்.
சோள எண்ணெயில் கரைத்த மருந்தை
நாங்கள் ஊசியில் ஏற்றும் அன்றைக்குப் பலகை தூக்கும்.
உடம்பு முழுக்க இல்லை.
முறைத் தண்ணீர் விடுகிற மாதிரி
இரைப்பை வாய்க்காலுக்கு மட்டும்.

முதல் ஊசி நான் போட்ட அன்று
பிடரியைப் பற்றிய விரலுக்கடியில் அதன் இதயம்
எதைப் போல அடித்தது என்று யோசித்துக்கொண்டே
வீட்டுக்கு வந்தேன்.
எதைப் போலவும் இல்லை.
வேகமாக அடித்தது.

இருபத்தெட்டாம் நாள் வயிற்றை எடுத்து
உப்புநீரில் அலசி விரித்தால்
புளியங்கொட்டை அளவு, சுத்தமாக,
ஒன்றுமே இல்லாதது போல இருக்கும்.
சாயம் ஏற்றி லென்சுக்கடியில் வைத்தால்தான்
செரிக்கும் நீர் சுரக்க வேண்டிய செல்
தன் வேலையை விட்டுவிட்டுச்
சளி சுரந்துகொண்டிருப்பது தெரியும்.
"நோய் இல்லை இன்னும்," என்பார் நிலோஃபர்,
"நோய்க்கு முந்தின நாள்."

இதற்குப் புற்று என்று பேர் வைத்தவர்
மேலே எழும்பினதை மட்டும் பார்த்திருக்கிறார்.
எங்கள் ஊர்க்காரர் யாராவது வைத்திருந்தால்
வளை என்று வைத்திருப்பார்.
கரை உடைவதற்கு முன்
கரைக்குள்ளே நண்டு போன வழி.
மேலே புல் பச்சையாகத்தான் இருக்கும்.

பக்கிரிசாமி அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்.
மூன்று வருஷமாக வாய்வு என்றார்.
ஓமத் தண்ணீர், பன்னீர் சோடா,
மெடிக்கலில் கேட்டு வாங்கின ரோஸ் நிற மருந்து.
கேமரா விட்டுப் பார்த்தபோது
ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டார்களாம்.
வலித்தால்தானே வர, என்றாராம் இவர்.

பாதி வயிறு எடுத்த பிறகு
ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் என்னைக் கேட்டார்:
"அது வாய் திறந்து சொல்லாதே,
முடியலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

தினம் ஒரு துண்டு பஞ்சு கொடுப்போம், சொன்னேன்.
நன்றாக இருந்தால் ராத்திரியில் பிய்த்துக் கூடு கட்டும்.
முடியாவிட்டால் பஞ்சு பஞ்சாகவே கிடக்கும்.

நீடாமங்கலம் பஸ் வந்து போனது.
அவர் ஏறவில்லை.
"போன தைக்கு முந்தின தையிலேர்ந்து
எங்க வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடிக்கிட்டிருக்கு,"
என்றார்,
"ரெண்டு ஆணிதான். அடிக்கத் தோணலை."

பிறகு சில்லறை இருக்கிறதா என்று கேட்டார்.

நேற்று வீரையன் கணக்கு நூற்றுப் பத்து வால்.
என் கணக்கு பதினாறு.
சாப்பிடும்போது இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம்,
அவன் சிரித்தான், நான் கையை இன்னொரு தடவை கழுவினேன்.

இன்று காலை கூண்டு இருநூற்றுப் பன்னிரண்டு.
ஊசி போட்டுப் பத்தொன்பது நாள்.
தீனி குறையவில்லை. எடை குறையவில்லை.
ரோமம் பளபளப்பு.
மூலையில் பஞ்சு,
நான் வைத்த மடிப்பு கலையாமல்.

பதிவேட்டில் தேதி போட்டேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
தாழ்ப்பாள்
என்று எழுதிவிட்டு, அடித்துவிட்டு,
கூடு கட்டவில்லை
என்று எழுதினேன்.